இன்ன காரணத்தால்

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பிய மதுரைவீரன், வீட்டுக்குப் பின்னால் கருவேலமரத்தடியில் ஒன்றுக்குப் போனான். வரக்காப்பி நிறத்தில் போயிற்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு உள்ளே வந்து சுருண்டு படுத்தான். இரண்டு முறை வாந்தி எடுத்த பிறகுதான் பெண்டாட்டியிடம் சொன்னான்.

கலைமணி லைட்டைப் போட்டு அவன் கண்ணை விலக்கிப் பார்த்தாள்.

"இன்னைக்கு எங்க வேல?"

"பூமாலை பழைய தொட்டி ஒண்ணு ஏலத்துல எடுத்தாந்திருக்கான்ல. அதத் தேய்ச்சோம்."

"எதப் போட்டு?"

"ஆசிட்டு. ரெண்டு கேன் ஊத்தினான். மேல இருந்து ஒருத்தன் வாளி எடுத்தான். நாந்தான் உள்ள. பூண்டு நசுக்குனாப்ல ஒரு வாட. அப்பறம் தல கழண்டு போற மாதிரி வலி."

"மூஞ்சிக்கு ஒண்ணும் குடுக்கலியா?"

"துணியக் கட்டிக்கடான்னான். கட்டிக்கிட்டேன்."

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆனி மாதம். அரியலூரில் ஆனிக் காற்று என்றால் சுண்ணாம்புக்கல் லாரியின் தூசியும் சேர்ந்துதான் வரும். கொடியில் காயப்போட்ட துணியை உதறினால் மாவு கொட்டும். பூமாலை அந்த வட்டாரத்து ஆலைகளில் தொட்டி, கொதிகலன் சுத்தம் செய்யும் வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுப்பவன். அவனிடம் மதுரைவீரன் ஆறு வருஷமாகக் கூலி. இரண்டு தலைமுறைக்கு முன்பு பூமாலை வீட்டு வயலில் மதுரைவீரனின் தாத்தா ஏர் ஓட்டினார். இப்போது வயலும் இல்லை, ஏரும் இல்லை. கூப்பிட்டால் போகிற பழக்கம் மட்டும் இருந்தது.

மறுநாள் காலையில் அவன் உடம்பு முழுக்க மஞ்சள் பாரித்துவிட்டது. அவன் அம்மா குஞ்சம்மாள் அருகில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்தாள், நாக்கைப் பார்த்தாள், முடிவு செய்துவிட்டாள்.

"காமாலதான். செந்துறப் பக்கம் மருந்து குடுக்குறவரு இருக்காரு. மோருல கலக்கி மூணு காலையில குடுத்தாருன்னா எறங்கிடும். உப்பு சேக்கக் கூடாது, அவ்ளதான்."

"அத்த, ஒண்ணுக்குக் கறுப்பாப் போவுது. இது ஈரலுக்கு வர்ற காமால இல்ல. ரத்தம் ஒடையுது. திருச்சிக்குக் கொண்டுபோவணும்."

"நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?"

"டாக்டருங்க எழுதுறதத்தான் தெனம் படிக்கிறேன்."

"அது அமெரிக்காக்காரன் ஒடம்பு. இது எம் புள்ள ஒடம்பு. நீ பஸ்ஸ வுட்டுடாத, கெளம்பு."

மதுரைவீரன் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே, "அம்மா சொல்றாப்ல போயிட்டு வந்துடறேன் கலை. மொதல்ல இது ஆவட்டும்" என்றான். கலைமணி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். போனது தப்பு. அதைப் பிற்பாடு பல தடவை அவளே சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குப் போனாள்.

அவள் பெரம்பலூரில் உரக்கடை மாடியில் இருந்த ஒரு ஆபீசில் வேலை பார்த்தாள். துபாயிலிருந்து திரும்பிய லப்பைக்குடிக்காட்டு உபைத் ஆரம்பித்தது. இருபத்திரண்டு கம்ப்யூட்டர். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகள் வரும். ஒவ்வொன்றையும் படித்து, என்ன வியாதியோ அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். எண் தப்பினால் அங்கே இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திருப்பிவிடுவான். ஒரு நாளைக்கு அறுபது குறிப்பு. விலங்கியல் படித்துவிட்டு மூன்று வருஷம் சும்மா இருந்தவளுக்கு இந்த வேலை சோறு போட்டது. வேலையில் அவள் கெட்டிக்காரி. அந்த மாடியில் தப்பே வராத கை அவளுடையது என்று பெயர்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று காலையும் மதுரைவீரன் பச்சைக் கரைசலைக் குடித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு ஒன்றுக்குப் போவதே நின்றுபோயிற்று. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. கூப்பிட்ட வேன்காரன் திருச்சியில் தனக்குத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கினான். பயந்துபோன பூமாலை முன்பணம் கட்டினான். பணம் கட்டும் இடத்தில் கலைமணி நின்றுகொண்டிருந்தபோது உள்ளே டாக்டர் குஞ்சம்மாளிடம் கேட்டார், நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா என்று. குஞ்சம்மாள் இல்லையென்று தலையை ஆட்டினாள். சொன்னால் வைவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஐந்து பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். எட்டாம் நாள் டாக்டர் ஒரு சான்றிதழ் கொடுத்தார். இரண்டே வரி. சிவப்பணு உடைந்து வந்த ரத்தச்சோகை, பிறவியில் வந்ததல்ல. சிறுநீரகச் செயலிழப்பு. அவ்வளவுதான்.

பூமாலை வந்தான். குஞ்சம்மாள் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கலைமணி உட்கார்ந்தபடியே பார்த்தாள்.

"என்ன மதுரவீரா, தேறிட்ட போல?"

"இருக்கன்ணே."

"இந்தாம்மா, அந்தச் சீட்டக் காட்டு." வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். "சோகைன்னுல போட்டிருக்கு. சோகை யாருக்கு வரல? எங்க அக்காளுக்குக்கூட இருக்கு."

"இது அந்தச் சோகை இல்ல" என்றாள் கலைமணி. "தொட்டியில ஆசிட்டு ஊத்தினப்ப வந்த வாயுவுல ரத்தம் ஒடஞ்சிருக்கு. நீங்கதான் எறக்குனீங்க."

"அப்படின்னு இதுல எங்க இருக்கு? காட்டு. தொட்டின்னு இருக்கா? ஆசிட்டுன்னு இருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்னாத்துக்கு எம்மேல பாயுற? இன்னும் எத்தன நாளு மெஷினுல போடணுமோ, எனக்கென்ன தெரியும்? கூலியாளுங்களுக்கு இன்சூரன்ஸ் போட்டு வச்சிருக்கேன். வேலையில வந்துச்சுன்னு டாக்டர் எழுதட்டும், ஒரு பைசா குறையாம வாங்கித் தரேன். எழுதலன்னா நான் என்னா, ஊரான் வியாதிக்கெல்லாம் மொய் எழுதுறவனா?"

"ஐயா சொல்றதும் நாயந்தான்" என்றாள் குஞ்சம்மாள்.

"ஒங்க மாமியாருக்குப் புரியுது பாரு" என்றபடி எழுந்தான் பூமாலை. இரண்டு ஆப்பிளைக் கட்டிலில் வைத்தான். பழம் எதுவும் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். கலைமணி அவற்றை எடுத்து, அவன் கண்ணெதிரிலேயே பக்கத்துக் கட்டில்காரிக்குக் கொடுத்தாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போனாள். அதற்கு மேல் லீவு எடுத்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வேலையைச் சரிபார்க்கும் ஃபைஸா, வயதில் நாலைந்து வருஷம் சின்னவள். வாய் மட்டும் நாலு ஆளுக்கு உண்டு. கலைமணி புருஷனின் சான்றிதழை அவள் மேஜையில் வைத்தாள்.

"இதுக்கு என்ன கோட் போடுவ?"

ஃபைஸா பார்த்தாள். "283.9. வேற என்னா போடுறது? காரணமே எழுதல. உடம்பே தன் ரத்தத்த உடைச்சா 283.0. மருந்து, விஷம், வாயுன்னா 283.19. அதுக்கும் என்னா விஷம்னு தனியா ஒரு கோட் கேக்கும். இந்த மவராசன் எதுவும் சொல்லல. காரணம் தெரியாதத ஒம்பதுலதான் போய்த் தள்ளணும்."

"ஒம்பது போட்டா என்ன ஆவும்?"

"என்னா ஆவும்? நேத்து நீங்க இல்லாதப்ப இந்தப் புள்ளைங்க நாலு ஒம்பது போட்டுத் திரும்பி வந்து, உபைத் பாய் என்னைய நிக்க வச்சுக் கேக்குறாரு. 'ஏன் புள்ள, காரணம் தெரியாத வியாதிக்கு எவன் காசு குடுப்பான்'னு." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சீட்டுக்கா இது?"

"எங்க வூட்டுக்காரருது."

ஃபைஸா சான்றிதழை மெதுவாகத் திருப்பி வைத்தாள். "அல்லா. சொல்றதில்லையா? டாக்டருக்கு க்வெரி போடுங்கக்கா."

க்வெரி என்பது அந்தத் தொழிலில் ஒரு முறை. டாக்டர் எழுதாததைக் கோட் போடுகிறவர்கள் தாங்களாக எழுதக் கூடாது. ரத்தப் பரிசோதனை எதைக் காட்டினாலும், கண்ணுக்கு முன்னால் உண்மை நின்றாலும் கூடாது. டாக்டருக்கு ஒரு கேள்வி எழுத வேண்டும். நடந்ததையெல்லாம் தேதி வாரியாக வைத்து, காரணம் என்ன என்று தாங்கள் குறிப்பிட வேண்டும் என்று கேட்க வேண்டும். இதுதானே காரணம் என்று வாயில் திணிக்கக் கூடாது.

கலைமணி சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் எழுதினாள். ஆபீஸ் மருத்துவ அகராதியில் ஒரு வாயுவின் பெயருக்குக் கீழே அமிலம், பழைய இரும்பு, பூண்டு வாடை, சிவப்பணு எல்லாம் ஒரே பத்தியில் இருந்தன. அந்த வாயுவின் பெயரை அவள் எழுதவில்லை, எழுதினால் திணித்ததாகும். செவ்வாய்: தொட்டி, அமிலம், வாடை, தலைவலி, கறுப்புச் சிறுநீர். புதன்: மஞ்சள். வெள்ளி: சிறுநீர் நின்றது. படித்துப் பார்த்தாள். புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. அவளுக்கே தெரிந்தது.

ஃபைஸாவுக்கும் தெரிந்தது. "புதன்கிழம எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல. எங்க அத்த நாட்டு மருந்து குடுத்தாங்க. மூணு நாளு."

"அது எங்க இதுல?"

"வேணாம்னு வுட்டேன்."

"ஏன் வுட்டீங்க? மறைச்சா அதுக்குப் பேரு க்வெரி இல்லக்கா, மனு. நாளைக்கு அந்த டாக்டருக்குத் தெரிஞ்சா மொத்தத்தையும் பொய்யின்னுடுவாரு. கறுப்பாப் போனது செவ்வா, மருந்து புதன். தேதி இருக்குல்ல? எது முந்தின்னு படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

அது சரியென்றுதான் கலைமணிக்கும் பட்டது. ஒன்றையும் விடாமல் எழுதுகிற கை அது. அந்தக் கைதான் அவளை இந்த மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தது. நடு வரியைச் சேர்த்தாள். புதன் முதல் வெள்ளி வரை, தினம் காலையில் ஒரு வேளை, மோரில் கலந்த மூலிகை, பெயர் தெரியாது. கீழே கையெழுத்துப் போட்டாள்.

"சுத்தம்" என்றாள் ஃபைஸா. "ஒரு எரர் கெடயாது."

திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை நின்றுகொண்டே படித்தார். நல்ல கையெழுத்து, நல்ல இங்கிலீஷ். அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்ததோ என்னவோ.

"யார் எழுதினது?"

"நாந்தான் சார். அவரு சம்சாரம்."

"வக்கீல் யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல சார். மெடிக்கல் கோடிங் பாக்குறேன். காரணம் மட்டும் குறிப்பா எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்."

"ஓ, கோடிங்." திரும்பப் படித்தார். விரல் நடு வரியில் நின்றது. "நாட்டு மருந்து குடுத்தீங்களா? அட்மிஷன்ல கேட்டேனே. அந்தம்மா இல்லன்னு தலையாட்டுச்சே!"

குஞ்சம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். டாக்டர் கத்தியதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு? கண்ட தழைய அரைச்சு ஊத்த வேண்டியது, கிட்னி போனப்பறம் எங்க உசுர எடுக்க வேண்டியது!"

"சார், மருந்து புதன்கிழம. செவ்வாக்கிழமையே கறுப்பாப் போயிருக்கு. தேதி போட்டிருக்கேன்."

"செவ்வாக்கிழம நான் பாத்தேனா? ஒங்க புருஷன் சொன்னது. தொட்டியில என்ன வாயு வந்துச்சுன்னு யார் டெஸ்ட் பண்ணினா? நான் எழுதினா கோர்ட்டுக்கு நீ வருவியா, நான் போவணுமா? இது நீயே கையெழுத்துப் போட்டது. மூணு நாள் மூலிகை. எதுன்னு தெரியாது. இத விட என்ன காரணம் வேணும்?"

"அப்ப ஒண்ணும் எழுத வேணாம் சார். பழையபடியே இருக்கட்டும்."

"நீதானம்மா கேட்ட, குறிப்பா எழுதுங்கன்னு?"

எழுதினார். நாட்டு மருந்து உட்கொண்டதன் காரணமாக என்று, சான்றிதழில் ஒன்று, கேஸ் ஷீட்டில் ஒன்று. அவள் எழுதிய தாளையும் கேஸ் ஷீட்டோடு பின் அடித்துக்கொண்டார். இவ்வளவு நாளாக அவள் எங்கோ இருக்கும் டாக்டர்களிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள், ஒம்பதிலே விடாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள் என்று. இப்போது ஒம்பதே தேவலை என்று தோன்றியது. காரணம் தெரியாது என்றால் சண்டை போட இடம் இருக்கும்.

பூமாலைக்கு யார் சொன்னார்களோ, சாயங்காலமே வந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டான். இந்தத் தடவை ஆப்பிள் இல்லை.

"நான் சொன்னா கேக்கல. டாக்டரே எழுதிட்டாரு பாரு" என்று கட்டிலில் கிடந்தவனிடம் சொன்னான். "ஒன் பொண்டாட்டி படிச்ச புள்ளடா. உள்ளத உள்ளபடி எழுதியிருக்கு. கட்டின பணத்த நான் திருப்பிக் கேக்க மாட்டேன், போ." போய்விட்டான்.

அவன் படியிறங்கிய சத்தம் நின்ற பிறகுதான் குஞ்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"பெத்தவளே புள்ளைக்கு வெசம் வச்சான்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் பொம்பளையா?"

"வெசம்னு எழுதல. மருந்துன்னு எழுதினேன். குடுத்தீங்களா இல்லியா?"

"குடுத்தேன்! அதுக்கு? ஒலகத்துல அவனவன் கொல பண்ணிட்டு இல்லங்கிறான். எறக்குனவன் இல்லங்கிறான். பாத்த டாக்டரு எனக்குத் தெரியாதுங்கிறான். ஒனக்கு மட்டும் என்னாடி உம்மையச் சொல்ற நோவு?"

"நீங்க மொதல் நாளே திருச்சிக்கு வுட்டிருந்தீங்கன்னா..."

"ஆமாண்டி, நாந்தான் கொன்னேன். எழுது, அதையும் எழுது. நல்லா எழுதுவியே."

"ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றான் மதுரைவீரன். குரல் எழும்பவில்லை. "பக்கத்துக் கட்டில்லல்லாம் பாக்குறாங்க." பிறகு கலைமணியைப் பார்த்தான். கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. "அவன்கிட்ட வேலைக்குப் போவாத போவாதன்னு ஆறு வருசமாச் சொன்ன. நான் கேக்கல. அதுக்குப் பழி வாங்குனியா?"

அவன் நிஜமாகத்தான் கேட்டான்.

தனியார் ஆஸ்பத்திரியில் இன்னொரு நாள் இருக்கக் கதியில்லை. மறுநாள் காலையில் கிளம்பினார்கள். பெரியாஸ்பத்திரியில் மெஷின் இலவசம் என்று பக்கத்துக் கட்டில்காரி சொல்லியிருந்தாள். ஆட்டோவில் மதுரைவீரன் நடுவில், பொம்பளைகள் இரண்டு பக்கமும். ஒரு தடவை குஞ்சம்மாள் இளநீர்க் கடையைப் பார்த்து, "தொண்ட காஞ்சு கெடக்கு இவனுக்கு" என்றாள். "எளநி கூடாது" என்றாள் கலைமணி. குஞ்சம்மாள் மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழைய சீட்டுகள் அதில்தான் இருந்தன.

பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வேலையிலிருந்த டாக்டரம்மா கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு உட்கார்ந்திருந்தாள். புதுக் கேஸ் ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு முன்னாடி எங்க பாத்தீங்க? டிஸ்சார்ஜ் சீட்டு குடுங்க."

கலைமணி பைக்காகக் கையை நீட்டினாள். குஞ்சம்மாள் பையைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"குடுக்கலம்மா. பாக்கி இருக்குன்னு அவுங்களே வச்சுக்கிட்டாங்க."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "சீட்டே இல்லாம நான் என்ன செய்யறது? எத்தன ரத்தம் ஏத்துனாங்க? கடைசியா எப்ப டயாலிசிஸ்?"

குஞ்சம்மாள் விழித்தாள். கலைமணி சொன்னாள். ஐந்து பாட்டில், எந்தெந்தத் தேதி. எத்தனை தடவை மெஷின், கடைசி முறைக்கு முன் உப்பு எவ்வளவு, பின் எவ்வளவு. ரத்தம் எத்தனையில் ஆரம்பித்து எத்தனைக்கு வந்தது. உடம்பே தன் ரத்தத்தை உடைக்கிறதா என்று பார்த்த டெஸ்டில் இல்லை என்று வந்தது. ஒரு எண் தப்பவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தாள்.

"நர்ஸா நீங்க?"

"இல்லங்க."

"சரி, எப்படி ஆரம்பிச்சுது?"

"தொட்டியில எறங்குனான்" என்றாள் குஞ்சம்மாள், மருமகள் வாயைத் திறப்பதற்குள். "பழைய தொட்டிம்மா. ஆசிட்டு ஊத்தித் தேய்க்கச் சொன்னான் காண்ட்ராக்டரு, பூமாலைன்னு பேரு. பூண்டு வாட வந்திருக்கு. அன்னிக்குச் சாயங்காலமே கறுப்பா ஒண்ணுக்குப் போனான். எழுதிக்கம்மா."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "மூடின தொட்டியா? பழைய இரும்பா?" மதுரைவீரனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். "அப்ப இது வேலையில நடந்த விபத்து. ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல ஏத்தணும். போலீசுக்குத் தகவல் போவும், விசாரிக்க வருவாங்க. சொன்னத மாத்திச் சொல்லக் கூடாது, தெரியுதா?"

"மாத்த மாட்டோம்" என்றாள் குஞ்சம்மாள்.

"நடுவுல வேற ஏதாவது சாப்பிட்டாரா? கீழாநெல்லி, காமால மருந்து, எதாச்சும்?"

"ஒண்ணும் கெடயாது."

டாக்டரம்மா அவளை நம்பவில்லை. அந்த மேஜைக்கு முன்னால் தினம் பத்து அம்மாக்கள் இதே மாதிரி இல்லை என்பார்கள். எண்களையெல்லாம் தப்பில்லாமல் சொன்னவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. நாட்டு மருந்து குடுத்தீங்களா?"

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக் கேஸ் ஷீட்டில் தன் கையெழுத்தோடு ஒரு தாள் பின் அடித்துக் கிடப்பது கலைமணிக்குத் தெரியும். பூமாலை அந்த ஜெராக்ஸைப் பத்திரமாக வைத்திருப்பான். நாளைக்கு யாராவது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்க்காரி அவள்தான், மாமியார் இல்லை. சக்கர நாற்காலியில் மதுரைவீரன் தலை தொங்கிக் கிடந்தான். கணுக்கால் பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"இல்லங்க" என்றாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுமே குடுக்கல."

டாக்டரம்மா எழுதினாள். ரிஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னாள். தேதி, இடம், காண்ட்ராக்டர் பெயர் ஒவ்வொன்றாகக் கேட்டு ஏற்றினாள். கடைசியில் கலைமணியிடம் பேனாவை நீட்டி, சொன்னது நீங்கள்தான் என்று கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டாள். குஞ்சம்மாள் அந்தக் கையெழுத்து காயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையின் மேலிருந்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"வண்டியத் தள்ளு" என்றாள், மருமகள் முகத்தைப் பார்க்காமல். "மெஷினு எந்த மாடின்னு கேளு."